நடுத்தர அளவு குடும்ப செடான்: பினாங்குச் சாலைகளில் ஓட்டியவர்களின் அனுபவப் பகிர்வு

பாயான் லெப்பாஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

குடும்பத்துக்கென்று நடுத்தர அளவு செடான் வாங்கலாமா, அந்தப் பணத்துக்கு உயரமான எஸ்யூவி ஒன்றை எடுத்துவிடலாமா என்ற கேள்வி நம் உறுப்பினர்களிடையே அடிக்கடி எழுகிறது. கேட்பவர்களில் பலர் எஞ்சின் திறனையும் மாதத் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்த வகைக் காரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மட்டும் மதிப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பின்னிருக்கையில் யார் உட்காரப் போகிறார்கள், எத்தனை மணி நேரம் உட்காரப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தே இதற்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் பயன்படுகிறது அல்லது வீணாகிறது.

நான் ஓட்டுவது 2019-ஆம் ஆண்டில் பதிவான டொயோட்டா கேம்ரி 2.5வி. 2018-ஆம் ஆண்டு இறுதியில் மலேசியச் சந்தைக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்தது. 184 குதிரைத்திறன் கொண்ட 2.5 லிட்டர் எஞ்சினும் ஆறு கட்டத் தானியங்கி கியரும் இதில் உள்ளன. 2022-இல் வந்த மேம்படுத்தப்பட்ட காருக்கு 209 குதிரைத்திறனும் எட்டு கட்டக் கியரும் கிடைத்தன. வாங்க நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பழைய கார் சந்தையில் இரண்டும் ஒரே பெயரில், ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் நிற்கின்றன.

எங்கள் வீட்டில் எழுபதைக் கடந்த என் தாயார், மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம் உண்டு. தங்கை கோலாலம்பூரில் இருப்பதால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தூரத்தை நாங்கள் அடிக்கடி கடக்கிறோம். முன்பு வைத்திருந்த சிறிய செடானில் தாப்பா ஓய்விடத்தை நெருங்கும்போதே அம்மா இடுப்பைப் பிடித்துக்கொள்வார். இறங்கிச் சற்று நடந்த பிறகுதான் பேச்சே வரும். கேம்ரிக்கு மாறிய பிறகு அவர் பெரும்பாலும் தூங்கிவிடுகிறார். 2,825 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியும், பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேடு பள்ளத்தை ஏற்கும் அமைப்பும் செய்கின்ற வேலை அது. முன்சக்கரம் மேட்டில் ஏறி இறங்கிய பிறகுதான் பின்சக்கரம் அதைத் தொடுகிறது. அந்த இடைவெளி நீளமாக இருக்கும்போது கார் முன்னும் பின்னும் ஊசலாடுவது குறைகிறது. ஓட்டுபவருக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. எதையும் பிடிக்காமல், எதிரே வருவதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் முதியவரின் முதுகுக்குத்தான் தெரியும்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாகங்சாரைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் ஏற்றத்தைச் சொல்லாமல் எந்தக் காரையும் மதிப்பிட முடியாது என்று நினைக்கிறேன். ஐந்து பேரும் பின்பெட்டி நிறையச் சாமானும் இருக்கும்போது, எதிர்பாராமல் ஒரு லோரி நடுப்பாதைக்கு வந்தால், வேகத்தைக் குறைத்து மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் இந்த எஞ்சின் கத்துவதில்லை. கியர் ஒரு கட்டம் இறங்கி, சத்தம் சற்றே உயர்ந்து, கார் மேலே போகிறது. ஏற்றத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சுரங்கத்துக்குப் பிறகு ஈப்போ நோக்கிச் செல்லும் நீண்ட இறக்கம். வேக வரம்பு குறைக்கப்பட்ட பகுதி அது, வளைவுகளும் உண்டு, மழை நாளில் லோரிகள் பின்னால் நெருங்கி வரும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறும், பின்னிருப்பவர்கள் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முன்னே சாய்வார்கள். கியரைக் கையால் நான்காம் கட்டத்துக்கும், தேவைப்பட்டால் மூன்றாம் கட்டத்துக்கும் இறக்கிவிட்டால் எஞ்சினே காரைத் தாங்கிக்கொள்கிறது. எஞ்சின் சுழற்சி உயர்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. பிரேக்கை எப்போதாவது மெல்லத் தொட்டாலே போதும். அம்மாவின் தலை சாய்ந்த இடத்திலேயே இருக்கிறது.

ஏறி இறங்குவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் செடான் வேண்டாம் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் காரணத்தையே சொல்கின்றன. செடானின் இருக்கை தாழ்வானது என்பது உண்மை. தாழ்வான இருக்கையிலிருந்து எழுவது முழங்காலுக்கு வேதனை என்பதும் உண்மை. ஆனால் உயரமான எஸ்யூவியில் ஏறும்போது ஒரு காலை உயர்த்தி, அந்த ஒற்றைக் காலில் முழு உடம்பையும் மேலே இழுக்க வேண்டும். புடவை கட்டியவர்களுக்கு அது இன்னும் சிரமம். என் மைத்துனருடைய எஸ்யூவியில் அம்மா ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவரின் தோளைப் பிடித்துத்தான் ஏறுகிறார். கேம்ரியின் பின்கதவு அகலமாகத் திறப்பதால், முதலில் காருக்கு முதுகைக் காட்டி நின்று, இருக்கை விளிம்பில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ள அவரால் முடிகிறது. இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக. இதற்குக் கதவு முழுவதும் திறக்க இடம் வேண்டும். ஆகவே அம்மாவைக் கட்டத்துக்கு வெளியே இறக்கிவிட்ட பிறகுதான் நான் காரை நிறுத்துகிறேன்.

இன்னொரு சிறு செய்தி. பட்டுப்புடவை தோலிருக்கையில் வழுக்கும். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு காலையில் விளக்குச் சந்தியில் பிரேக் பிடித்தபோது அம்மா இருக்கையின் விளிம்பு வரை நகர்ந்துவிட்டார். இருக்கை வார் மட்டுமே அவரைத் தாங்கியது. இப்போது ஒரு பருத்தித் துண்டை விரித்துவிட்டு உட்காரச் சொல்கிறேன். பின்னிருக்கையில் வார் அணிவது 2009 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம் என்றாலும், இன்றும் நம் பெரியவர்கள் பலர் அதை வயிற்றுக்கு மேல் தளர்வாகப் போட்டுக்கொள்கிறார்கள். வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாகப் படியும்படி நாம்தான் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

நகரத்துக்குள் இந்தக் கார் வேறு முகம் காட்டுகிறது. நீளம் 4,885 மில்லிமீட்டர், அகலம் 1,840. ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள தெருக்கள் குதிரை வண்டிக் காலத்து அளவில் இருப்பவை; இருபுறமும் கார்கள் நிற்க, நடுவில் காய்கறி வண்டியும் மோட்டார் சைக்கிளும் வர, பக்கக் கண்ணாடிகளை மடித்துக்கொண்டு நகர வேண்டிய நேரங்கள் உண்டு. ஐந்து மீட்டர் நீளக் கட்டத்தில் இதை நிறுத்தினால் முன்னும் பின்னும் சேர்த்து ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது. பழைய அடுக்குமாடிகளின் வாகன நிறுத்துமிடத்தில் சுற்றி ஏறும் பாதை இன்னும் கடினம். தினமும் நகருக்குள் மட்டுமே ஓட்டுபவர்கள், வீட்டில் முதியவர்கள் இல்லாதவர்கள், இந்த அளவு காரை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு ஹோண்டா சிட்டியோ புரோட்டோன் எஸ்70-யோ அவர்களுடைய தேவையைக் குறைவில்லாமல் நிறைவேற்றும்.

டயரைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. என் கார் 18 அங்குலச் சக்கரங்களில், 235/45 அளவு டயரில் ஓடுகிறது. 45 என்ற எண் டயரின் பக்கவாட்டு உயரம் குறைவு என்பதைச் சொல்கிறது. பள்ளத்தில் விழுந்தால் அடியை ஏற்க அங்கே ரப்பர் குறைவு. பினாங்குப் பாலத்தில் பாகங்கள் சேரும் இணைப்புகளைக் கடக்கும்போது கேட்கும் தாளத்தை வைத்தே டயரின் வயதை என்னால் சொல்லிவிட முடியும். முதல் டயர்கள் தேய்ந்த பிறகு வேகத்துக்கென்று செய்யப்பட்டவற்றைத் தவிர்த்து, அமைதியான பயணத்துக்கென்று செய்யப்பட்டவற்றைப் போட்டேன். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்கும் அளவுக்குச் சாலை இரைச்சல் தணிந்தது. கார் கனமாகிவிட்டது, பழசாகிவிட்டது என்று நினைப்பவர்கள் எதையும் மாற்றும் முன் டயரையும் காற்றழுத்தத்தையும் பார்க்க வேண்டும். தைப்பிங் வட்டாரத்தில் பெய்யும் மழையை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை: தீபகற்பத்திலேயே மிகுதியாக மழை பெறும் நகரம் அது. டயர் வரிப்பள்ளத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், அந்த அளவுக்குத் தேய்ந்த டயரோடு கமுந்திங் மழையில் 110-இல் போனால், தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் கார் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். நான் மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன்.

எரிபொருள் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு ஏழு லிட்டரை ஒட்டியும், நகருக்குள் பதினொன்றுக்கு மேலும் ஆகிறது. சாலை வரி ஆண்டுக்கு 874 வெள்ளி. அடிப்படைத் தொகையோடு, 2,000 சிசிக்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி கூடுவதால் வரும் தொகை அது. எனக்கு இது பாரமாகத் தெரியவில்லை, ஆனால் வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய செலவு.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா எழுதியதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். சாலை வரியைப் பற்றி அவர் சொன்ன இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், ஏனெனில் நான் ஹோண்டா அக்கார்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒரு காரணம். 2020-இல் இங்கே அறிமுகமான பத்தாம் தலைமுறை அக்கார்ட் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினில் 201 குதிரைத்திறனைத் தருகிறது. நம் நாட்டில் சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்தே கணக்கிடப்படுவதால் இதற்கு ஆண்டுக்கு 90 வெள்ளிதான். கேம்ரிக்கு இணையான உடலும் இடமும் கொண்ட கார், வரியில் ஒரு சிறிய சிட்டியின் வகுப்பில் நிற்கிறது.

நான் நாள்தோறும் முதல் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிறேன். தீவுக்குள் நுழையும்போது மட்டும் கட்டணம், 5 வெள்ளி 74 சென். பணத்தைவிட நேரம்தான் அதிகம் போகிறது. பாலத்தின் நடுவில் கார்கள் நகர்ந்தும் நின்றும் ஊரும்போது, பிரேக்கை ஒரு முறை அழுத்திவிட்டுக் காலை எடுத்துக்கொள்ள இடம் தரும் பிரேக் ஹோல்ட் வசதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆக்சிலேட்டரைத் தொட்டதும் அது தானே விடுபடுகிறது. வீடு திரும்பும் நேரத்தில் வலது முழங்கால் களைப்பில்லாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன். இடப்பக்க சமிக்ஞையைப் போட்டவுடன் இடக் கண்ணாடிக்குக் கீழுள்ள கேமரா பார்ப்பது நடுத்திரையில் விரிகிறது. பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் இடப்புறமாகவே கூட்டமாக வரும். மழை அங்கி போட்ட ஒருவர் கண்ணாடியில் தென்படாமல் திரையில் மட்டும் தெரிந்த மாலைகள் உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் பாதை மாறாமல் இருந்திருக்கிறேன்.

இதில் உள்ளது சிவிடி கியர். கட்டங்கள் கிடையாது; வளைப்பட்டை ஒன்று இரண்டு கப்பிகளுக்கு இடையே அளவு மாறி மாறி ஓடுகிறது. நெரிசலில் இதைவிட மென்மையான கியரை நான் ஓட்டியதில்லை. அடியோடு அழுத்தினால் எஞ்சின் ஒலி முதலில் உயர்ந்து வேகம் அதைத் தொடர்ந்து வருகிறது. இதற்குப் பழக வேண்டும். ஆனால் 260 நியூட்டன் மீட்டர் இழுவிசை 1,600 சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால் அப்படி அழுத்த வேண்டிய தேவை அரிதாகவே வருகிறது.

சிவிடி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு பட்டறைக்குக் காரைக் கொண்டு போனேன். கியர் எண்ணெய் மாற்ற, பொதுவான தானியங்கி கியர் எண்ணெய்ப் புட்டிகளை எடுத்து வரிசையாக அடுக்கிவிட்டார்கள். ஹோண்டாவின் இந்த சிவிடிக்கு எச்சிஎஃப்-2 என்ற வகை எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். வளைப்பட்டை கப்பியை வழுக்காமல் பிடிப்பதற்கு அந்த எண்ணெயின் உராய்வுத் தன்மை அவசியம். நான் பக்கத்திலேயே நின்றிருந்ததால் நிறுத்த முடிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய் மாலையில் வாங்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள், எண்ணெய் மாற்றும் நாளில் மட்டுமாவது உடன் இருங்கள், புட்டியின் மேல் உள்ள பெயரைப் படியுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் உறுப்பினர்:

இரண்டு அண்ணன்மார்களும் எழுதியதைப் படித்தேன். என் அனுபவம் விலை குறைந்த ஒரு காரோடு. ஓய்வு பெற்ற என் அப்பா 2016-இல் வந்த புரோட்டோன் பெர்டானா 2.0-ஐ வாங்கி, இப்போது என்னிடம் கொடுத்துவிட்டார். எட்டாம் தலைமுறை ஹோண்டா அக்கார்டை அடிப்படையாகக் கொண்டு கட்டப்பட்ட கார் இது; எஞ்சினும் ஹோண்டாவிடமிருந்து வந்ததே. கதவைச் சாத்தும்போது கேட்கும் கனமான ஒலி இன்றும் மாறவில்லை. அறிமுகமான நாளிலேயே அதன் அடித்தளம் ஒரு தலைமுறை பழையது என்று பலர் குறை சொன்னார்கள். பின்னிருக்கையின் அகலத்தையும் மெத்தையின் தடிப்பையும் அந்தப் பழமை கெடுத்துவிடவில்லை என்பதை ஆண்டுக்கணக்கில் அதில் உட்கார்ந்து வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பாலிக் புலாவில் என் கணவரின் குடும்பம். ஆயர் ஈத்தாமிலிருந்து மலையேறி இறங்கும் சாலை வளைவுக்கு மேல் வளைவு. முன்பெல்லாம் சின்னவள் பாதி வழியில் வாந்தி எடுப்பாள். காரை மாற்றாமலே அது குறைந்தது: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், ஒரே சீராக ஸ்டீயரிங்கைத் திருப்பி வெளியே வருகிறேன். கண்ணாடிக்கு வெளியே மலையைப் பார்க்கும்படி அவளைப் பழக்கினேன், கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்கிறேன். நீளமான கார் இந்தச் சாலைக்கு ஒத்துவராது என்று சொல்வார்கள். என் பார்வையில் நீளத்தைவிடக் கால் எவ்வளவு மென்மையாக வேலை செய்கிறது என்பதே அங்கே கணக்கு.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளைகள் இருவருக்கும் பாதுகாப்பு இருக்கை போட்டுவிட்டால் நடுவில் மாமியாரை உட்கார வைக்க முடிவதில்லை. அவரை முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் பிள்ளைகளுக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்து வருகிறேன். இந்த வகைக் கார்களில் எதிலாவது மூவருக்கும் பின்னால் வசதியாக இடம் உண்டா? இல்லையென்றால் ஏழு பேர் உட்காரும் காருக்கு மாறத்தான் வேண்டுமா?

பாயான் லெப்பாஸ் உறுப்பினரின் பதில்:

அன்புத் தங்கைக்கு. பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் சட்டப்படி கட்டாயம், அதை நீங்கள் கடைப்பிடிப்பது மகிழ்ச்சி தருகிறது. கேம்ரி, அக்கார்ட் இரண்டிலும் பிள்ளை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின்னிருக்கையின் இரு ஓரங்களில்தான் உள்ளன. இரண்டு இருக்கைகளையும் அங்கே பூட்டிவிட்டால் நடுவில் எஞ்சுவது ஒரு மெலிந்த இளைஞருக்கான இடம். நடுத்தரையில் மேடு வேறு இருப்பதால் காலை அகற்றி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். முதியவரை அங்கே உட்கார வைப்பதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் மாமியார் முன்னிருக்கையில் உட்காருவதே சரி. அந்த இருக்கையைப் பின்னால் தள்ளிச் சற்றே உயர்த்தி வைத்தால் அவர் எழுவதும் எளிது.

பெரியவளுக்கு முதுகுப்பகுதி இல்லாத உயர இருக்கை போதுமான வயதும் உயரமும் ஆகிவிட்டால், அது அகலத்தில் கைப்பிடி அளவு இடத்தையாவது மிச்சப்படுத்தும். அதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகுமென்றால், ஐவரும் எப்போதும் சேர்ந்தே போகும் குடும்பத்துக்கு ஏழு இருக்கைக் கார்தான் பொருத்தம், செடானை நான் பரிந்துரைக்க மாட்டேன். முடிவெடுக்கும் முன், பிள்ளைகளின் இரண்டு இருக்கைகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு விற்பனையகத்துக்குப் போங்கள். மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். இருக்கைகளை நீங்களே பூட்டி, எல்லாரும் உள்ளே உட்கார்ந்து, கதவை மூடிவிட்டுக் குறைந்தது கால் மணி நேரம் இருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் வேறு விற்பனையகத்துக்குப் போகலாம். மூன்றாம் வரிசை உள்ள காரைப் பார்க்கும்போது, அந்த வரிசையை விரித்த பிறகு பின்னால் எத்தனை பைகள் கொள்ளும் என்பதையும் திறந்து பாருங்கள். பாலிக் புலாவுக்குப் போகும்போது அது தெரியாது, கோலாலம்பூருக்குப் புறப்படும்போது தெரியும்.